புது லப்டொப், நடுவில் அமிழும் கீபோட்: ஒரு கேள்வியும் அதற்குப் பின் எழுதிய குறிப்புகளும்

கேள்வி, மல்லாவியிலிருந்து. ஏப்ரல் 5

அக்கா, புது லப்டொப் எடுத்து இன்னும் வடிவாகப் பழகவில்லை. 15.6 அங்குலம், வலது பக்கம் நம்பர் விசைகளும் இருக்கின்றன. பள்ளிக்கூட வினாத்தாள்களை பாமினி என்ற தமிழ் விசைமுறையில்தான் அடிப்பேன். கொஞ்சம் வேகமாக அடித்தால் கீபோட்டின் நடுப்பகுதி கீழே போய் மேலே வருகிறது. மெய்யெழுத்துக்கு மேலே வரும் புள்ளி சில இடங்களில் விழுவதுமில்லை. வாங்கின கடைக்குக் கோல் எடுத்தேன். இப்போது வருகிற மெல்லிய மெஷின் எல்லாம் இப்படித்தான் என்றார்கள். கழற்றி உள்ளே மட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. வைக்கலாமா?

ஏப்ரல் 5, இரவு

இன்றைக்கு எதையும் கழற்ற வேண்டாம். நீர் ஒரே கேள்வியில் இரண்டு கோளாறைச் சொல்லியிருக்கிறீர். கீபோட் அமிழ்வது ஒன்று, புள்ளி விழாமல் போவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும் என்றில்லை.

முதலில் புள்ளியைப் பாரும். வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, அந்த விசையை மட்டும் ஒரே விரலால், நேராக, ஆறுதலாக ஒரு வரி நிறைய அடியும். ஓரத்தில் அமத்தியும் ஒரு வரி அடியும். எல்லாம் ஒழுங்காக விழுந்தால் விசையில் பிழையில்லை. இடையிடையே விட்டுப் போனால் அது விசையின் கோளாறு. புது மெஷின், வொரண்டி இருக்கிறது, அப்படியே கொண்டுபோய்க் கொடும். திறந்துவிட்டுக் கொண்டுபோனால் நீர்தான் கெடுத்தீர் என்ற கதை வரும்.

ஏப்ரல் 5, பிறகு

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்றைச் சேர்க்கிறேன். கீபோட் கீழே அமிழ்கிறதா, இல்லை மேலே புடைத்துக்கொண்டு வந்து அமத்தினால் கீழே போகிறதா? ஒரு நேரான அடிமட்டத்தை விசைகளுக்கு மேலே குறுக்காக வைத்துப் பாரும். நடு உயர்ந்து அடிமட்டம் இரண்டு பக்கமும் ஆடினால் கீபோட்டைத் தொட வேண்டாம். உள்ளே பற்றரி வீங்கியிருக்கலாம். அப்படியானால் சார்ஜரைக் கழற்றி, மெஷினை நிறுத்தி, அமத்தாமல் கடைக்குக் கொண்டு போவதுதான் வழி. புது மெஷினில் இது அரிது. ஆனாலும் எங்கள் பக்கத்து வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நாள் முழுக்க சார்ஜில் போட்டே பாவிக்கிற மெஷின்களில் நான் பார்த்திருக்கிறேன். டச்பாட் அமத்த முடியாமல் இறுகிப் போவதும் அதன் அறிகுறிதான்.

ஏப்ரல் 6

புள்ளி எல்லாம் விழுந்தது, அடிமட்டமும் ஆடவில்லை என்று எழுதியிருக்கிறீர். நல்லது. அப்படியென்றால் வேகமாக அடிக்கும்போது ஏன் புள்ளி விடுபடுகிறது?

கீபோட்டுக்குள் இருப்பதைச் சொன்னால் விளங்கும். மேலே விசை. அதற்குக் கீழே கத்தரிக்கோல் மாதிரி மடியும் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் சட்டங்கள். நடுவில் ஒரு ரப்பர் குமிழ். அதற்கும் கீழே மூன்று அடுக்குப் பிளாஸ்ரிக் தாள், அதில் வெள்ளி மையால் அச்சடித்த கம்பித் தடங்கள். எல்லாவற்றையும் தாங்குவது ஒரு மெல்லிய உலோகத் தகடு. தகடு அமிழும்போது அதற்கு மேலே உள்ள எல்லாமே சேர்ந்து அமிழும். ஆகவே தகடு அமிழ்வதால் மட்டும் எழுத்து விழாமல் போகாது. ஒரு விசையை இறக்க சுமார் 60 கிராம் அழுத்தம் போதும். அந்த அழுத்தத்துக்குத் தகடு பெரிதாக அசையாது.

அசைவது அதற்குப் பிறகுதான். விசை அடியில் போய் முட்டியதும் விரல் இன்னும் அமத்தும். அப்போதுதான் தகடு வளைகிறது. கெட்டியாக முட்ட வேண்டிய இடத்தில் விரலுக்கு மெத்தென்று இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் எவ்வளவு இறங்க வேண்டும் என்று கை பழக முடியாமல் தடுமாறுகிறது. பலமில்லாத சின்ன விரலுக்கு அந்தத் தடுமாற்றம் அதிகம். பாமினியில் புள்ளி இருப்பது அந்த விரலுக்குக் கீழேதான்.

அதனால் கடைக்காரர் சொன்னது போல இதை விட்டுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நாளுக்கு நாலு மின்னஞ்சல் எழுதுகிறவருக்கு இது ஒன்றுமில்லை. வினாத்தாள் அடிக்கிறவருக்கு இது கை வேலை.

ஏப்ரல் 6, மாலை

திறக்காமல் பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன.

மெஷினைச் சமமான மேசையில் வையும். மூலைக்கு மூலை அமத்திப் பாரும், ஆடுகிறதா? அடியில் உள்ள ரப்பர் கால்களில் ஒன்று கழன்றிருந்தால் அந்த ஆட்டமும் கீபோட் அமிழ்வது போலவே தெரியும். பிறகு கவிழ்த்து வைத்து, அடி மூடியின் ஸ்குரூ ஆணிகள் இறுகியிருக்கின்றனவா என்று அளவான ஸ்குரூ டிரைவரால் தொட்டுப் பாரும். நடுவில் இருக்கிற ஆணியை முக்கியமாகப் பாரும். பல மெஷின்களில் அந்த நடு ஆணி மேல் சட்டம் வரை போய் அதைக் கீழே பிடித்து வைத்திருக்கும். அது இளகியிருந்தால் நடு முழுக்கத் துள்ளும்.

இறுக்கும்போது கொஞ்சம் தடை தெரிந்ததும் நிறுத்தும். உள்ளே இருப்பது பிளாஸ்ரிக்கில் பதித்த பித்தளைக் குழை. அது சுற்றத் தொடங்கினால் பிறகு ஆணி பிடிக்காது.

ஏப்ரல் 8

நெடுங்கேணியில் இருந்து ஒருவர் கேட்கிறார்: அவரது லப்டொப்பில் கீபோட் கெட்டியாக இருக்கிறதாம், ஆனால் வலது உள்ளங்கை வைக்கும் இடம் பள்ளம் போல அமிழ்கிறதாம்.

அண்ணை, உங்களுடையது வேறு கதை. அந்த இடத்துக்குக் கீழே 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் போடும் அறை இருக்கும். இப்போது வருகிற மெஷின்களில் சின்ன எஸ்எஸ்டி ஒன்றை மதர்போட்டிலேயே செருகிவிடுவார்கள், அறை காலியாகக் கிடக்கும். காலி அறைக்கு மேலே பிளாஸ்ரிக் மட்டும்தான். அதே 7 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பழுதான டிஸ்க்கை, வயர் கொடுக்காமல், அறையில் அசையாதபடி வைத்தாலே பள்ளம் போய்விடும். எடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் அந்த அறை உங்களுடைய மெஷினில் உண்மையாகவே காலியா, இல்லை பற்றரி அதுவரை நீண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பற்றரிக்கு மேலே எதையும் வைக்கக் கூடாது. அதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

ஏப்ரல் 9

மல்லாவித் தங்கச்சி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எந்த இடம் கூட அமிழ்கிறது என்று பேப்பர்த் துண்டு ஒட்டிக் காட்டியிருக்கிறீர். வடிவான வேலை. ஜே, கே, அவற்றைச் சுற்றிய இடம். நான் நினைத்த இடமும் அதுதான். ஏன் என்று எழுதுகிறேன், இது பாமினியில் அடிக்கிற எல்லாருக்கும் உதவும்.

நம்பர் விசை இல்லாத 14 அங்குல மெஷினில் எழுத்து விசைகள் உடலின் நடுவில் இருக்கும். இரண்டு கையும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும். நம்பர் விசை உள்ள 15.6 அங்குலத்தில் எழுத்துகள் முழுவதும் இடது பக்கம் தள்ளப்படும். விசைக்கு விசை சுமார் 19 மில்லிமீற்றர் இடைவெளி. இடது ஓரத்திலிருந்து கணக்குப் போட்டால் உடலின் நட்டநடு ஜே, கே இரண்டுக்கும் இடையில் வந்து நிற்கும். அதாவது வலது கை ஓய்வாக வைக்கிற இடம்தான் தகட்டின் மிகப் பலவீனமான இடம்.

இனி பாமினியைப் பாரும். ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி விசை. ‘அம்மா’ என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். இரண்டு சொல்லிலும் இடது கைக்கு வேலையே இல்லை. புள்ளி, அரவு, இகர விசிறி, தகரம், மகரம் எல்லாம் வலது கைக்குத்தான். தமிழில் ஒரு வரியில் எத்தனை புள்ளி வரும் என்று எண்ணிப் பாரும். ஆங்கிலம் அடிக்கிறவருக்குப் பெரிதாகத் தெரியாத அமிழ்வு, பாமினியில் அடிக்கிற எங்களுக்கு நாள் முழுக்கத் தெரிவது இதனால்தான். உம்முடைய கை பழுதில்லை, நீர் கூட அமத்துகிறீர் என்றும் இல்லை. அந்த மெஷினின் நடுவும் எங்கள் எழுத்தின் பாரமும் ஒரே இடத்தில் விழுகின்றன.

தமிழ் 99 என்ற இன்னொரு விசைமுறையில் புள்ளி இடது கையின் எஃப் விசைக்குப் போகிறது. உயிர் இடது, மெய் பெரும்பாலும் வலது என்று பாரம் பகிரப்படும். அதற்காக இத்தனை வருடம் பழகிய பாமினியை விடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. கீபோட்டைச் சரிப்படுத்துவோம்.

ஏப்ரல் 9, இரவு

மேலே பலவீனம் என்று எழுதியதற்குக் கணக்கைக் கேட்டார்கள்.

ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். தடிப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். மெல்லிய மெஷின் என்று பெருமையாகச் சொல்வதற்குள் இது ஒளிந்திருக்கிறது.

நல்ல செய்தி மறுபக்கத்தில். இரண்டு முனையில் தாங்கிய ஒரு பட்டியின் நடுவில் பாரம் வைத்தால் அது தாழும் அளவும் நீளத்தின் மும்மடியில் மாறும். நீளம் பாதியானால் தாழ்வு எட்டில் ஒன்று. கூரைக்குப் பனஞ்சிலாகை போட்டவர்களுக்கு இது தெரியும். தொய்கிற சிலாகைக்கு முழு நீளத்துக்கும் முட்டுக் கொடுப்பதில்லை, நடுவில் ஒன்று கொடுத்தால் போதும். கீபோட் தகடு பட்டி அல்ல, பல இடத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே எட்டில் ஒன்று என்று அப்படியே வராது. ஆனால் சரியான ஒரு இடத்தில் ஒரு சின்னத் தாங்கல் போதும் என்பது இங்கேயும் உண்மை. உள்ளே முழுக்க மட்டை அடைக்கத் தேவையே இல்லை.

ஏப்ரல் 13

வருடப்பிறப்பு வேலைகள். என் கடையும் நிறைந்திருக்கிறது. பொருட்கள் பற்றிக் கேட்டவர்கள் இரண்டொரு நாள் பொறுங்கோ.

ஏப்ரல் 16

உள்ளே எதை வைக்கலாம் என்று ஆளுக்கொன்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மட்டை: மாரியில் ஈரத்தை இழுக்கும், இழுத்தால் தடிப்பு மாறும், ஒருமுறை நசிந்தால் திரும்பி எழும்பாது. கிளிநொச்சியில் ஐப்பசி, கார்த்திகையில் அலுமாரிக்குள் இருக்கிற கடதாசியே நொய்ந்து போகிறது.

ரிஜிபோம் (பெட்டிகளுக்குள் வருகிற வெள்ளைத் தெர்மோகோல்): நொறுங்கும். நொறுங்கிய மணிகள் விசிறிக்குள் போகும். வேண்டாம்.

சைக்கிள் ரியூப் துண்டு: கையில் எப்போதும் கிடைப்பது, தடிப்பும் அளவானது, நசிந்து எழும்பும். எனக்கும் பிடித்த பொருள்தான். ஆனால் அந்த ரப்பரில் கந்தகம் கலந்திருக்கிறது. கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். கீபோட்டின் தடங்கள் வெள்ளி மை என்று முன்பு எழுதினேன். தகடு இடையில் இருக்கிறது, தாளும் மூடியிருக்கிறது, ஆகவே உடனே ஒன்றும் நடக்காது. ஆனாலும் மூடிய, சூடான ஒரு பெட்டிக்குள் வருடக்கணக்காக அதை விட்டுவைக்க எனக்கு மனமில்லை. அடியில் வெளிப் பக்கமாக ஒட்டலாம், உள்ளே வேண்டாம்.

அலுமினிய ரேப்: கூடவே கூடாது. மின்சாரம் கடத்தும். ஒரு முனை கழன்று மதர்போட்டில் விழுந்தால் மெஷின் போய்விடும்.

இரட்டைப் பக்க போம் ரேப்: இதுதான் சரியான பொருள், ஆனால் பசையைப் பார்த்து எடுங்கள். விலை குறைந்த ரேப்களில் உள்ள ரப்பர் பசை சூட்டில் இளகி ஓடும். அக்ரிலிக் பசை உள்ளது சூட்டைத் தாங்கும். என் கையில் வந்த ஒரு பழைய மெஷினில் முன்பு யாரோ ரேப் வைத்திருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் கறுத்த பாகு மாதிரி ஓடி விசை வரைக்கும் ஏறியிருந்தது. சித்திரை வெயிலில் கடைக்குள் வைத்திருக்கிற மெஷின், உள்ளே அதன் சொந்தச் சூடும் சேரும். இங்கே எதை ஒட்டினாலும் முதல் கேள்வி சூடுதான்.

பள்ளிக்கூடக் கைவேலைக்கு வாங்குகிற போம் ஷீட்: நல்லது. 2 மில்லிமீற்றரில் கிடைக்கும், வெட்ட இலகு, மின்சாரம் கடத்தாது. ஒரு பக்கம் மட்டும் அக்ரிலிக் ரேப் போட்டு ஒட்டலாம்.

பைல் கவரின் பிளாஸ்ரிக் தாள்: நசியவே நசியாது. தடிப்பை மெல்ல மெல்லக் கூட்டுவதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 17

தடிப்பை எப்படி அளப்பது? இதில்தான் பலரும் பிசகுகிறார்கள். கூடத் தடிப்பாக வைத்தால் கீபோட் நடுவில் மேடாகும், சில விசைகள் இறுகும், மூடினால் விசைகள் திரையில் முட்டி அடையாளம் விழும். அமிழ்கிற கீபோட்டோடு வாழலாம், திரை போனால் செலவு பெரிது.

பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணில் ஒரு சின்ன உருண்டை எடுங்கள். மெல்லிய சொப்பிங் பையில் சுற்றி, தாங்கல் வைக்கப் போகிற இடத்தில் வையுங்கள். மூடியைப் பூட்டி, ஆணிகளைப் போட்டு, பிறகு கழற்றினால் உருண்டை தட்டையாகியிருக்கும். அந்தத் தடிப்புத்தான் உள்ளே இருக்கிற இடைவெளி. அளக்கக் கருவி இல்லாவிட்டால் வங்கி அட்டையோடு ஒப்பிடலாம், அது 0.76 மில்லிமீற்றர். சாதாரண போட்டோ கொப்பித் தாள் ஏறத்தாழ 0.1. இரண்டையும் அடுக்கி எந்தத் தடிப்பையும் கண்டுபிடிக்கலாம்.

நசியாத பொருள் என்றால் இடைவெளிக்கு ஒரு தாள் அளவு குறைய வையுங்கள். நசிகிற போம் என்றால் இடைவெளியைவிடக் கொஞ்சம் கூட. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான்.

ஏப்ரல் 19

இன்றைக்கு ஒரு பழைய கதை. புது மெஷின்களில் மட்டும்தான் இது வருகிறது என்று நினைப்பவர்களுக்காக.

2008இல் லெனோவோவின் திங்க்பாட் டி400 வந்தது. அதற்கு முந்தைய டி61இன் கீபோட்டுக்குக் கல் மாதிரி என்று பெயர். டி400இன் கீபோட் எடை குறைந்தது, அமிழ்கிறது என்று பாவித்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். பலர் பழைய கீபோட்டைத் தேடி வாங்கி இதில் பூட்டினார்கள், அது அளவாகப் பொருந்தியது. இன்னும் பலர் கீழே ரேப் அடுக்கினார்கள்.

கரடிப்போக்குப் பக்கம் கடை தொடங்கிய காலத்தில் பழைய டி400 ஒன்றைப் பாவித்தேன். அடியில் கீபோட் படம் போட்ட ஆணிகளைக் கழற்றினால், கீபோட்டை நகர்த்தி மேல் பக்கமாகவே தூக்கி எடுக்கலாம். தூக்கியதும் காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. வலது பக்கம் சிடி ட்ரைவ், இடது பக்கம் கார்ட் செருகும் வாய். இரண்டும் வெறும் குழி, மேலே மெல்லிய தகரம். அந்த இரண்டு இடத்திலும் போம் ரேப்பை ஒரு விரல் அகலத்தில் ஒட்டி, மேலே பைல் கவர்த் தாள் ஒன்றை வைத்தேன். நடுவில் எதுவும் வைக்கவில்லை, அங்கே தேவையில்லை. அதற்குப் பிறகு காணி விண்ணப்பங்கள், மனுக்கள், பள்ளிக்கூட மலர்கள் என்று எவ்வளவோ அதில் அடித்தேன். அதன் சத்தமே மாறிப் போயிருந்தது, சலசலப்பு அடங்கி ஒரே தாளமாகக் கேட்கும்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்சாரம் நின்ற காலத்தில் மேசைக் கணினிகள் எல்லாம் சும்மா கிடந்தன. அந்த லப்டொப்தான் கடையை ஓட்டியது. வன்னியில் தட்டச்சு வேலை செய்கிற பலர் லப்டொப்புக்கு மாறியது அப்போதுதான். ஆகவே லப்டொப் கீபோட் என்பது பயணத்துக்கு மட்டும் பாவிக்கிற ஒன்று, கடும் வேலைக்கு வெளிக் கீபோட் போடுங்கள் என்று சொல்கிறவர்களோடு நான் முழுக்க உடன்பட மாட்டேன். மேசையும் மின்சாரமும் நிலையாக இருக்கிறவர்கள் யூஎஸ்பி கீபோட் போடலாம், அதுதான் மலிவான வழியும். வகுப்பறைக்கும் வீட்டுக்கும் காவித் திரிகிற ஒரு ஆசிரியைக்கு மெஷினில் உள்ள கீபோட்தான் கீபோட்.

ஏப்ரல் 20

மேலே உள்ள கதையைப் படித்துவிட்டுத் தங்கச்சி கீபோட்டை மேல் பக்கமாகக் கிளப்பப் பார்க்க வேண்டாம்! உம்முடையது அந்த வகை இல்லை. இப்போதைய மெஷின்களில் பெரும்பாலும் கீபோட் தகட்டை மேல் சட்டத்தோடு வைத்து, பிளாஸ்ரிக் முளைகளை உருக்கி ஒட்டிவிடுவார்கள். அதை மேலே இருந்து கிளப்பினால் முளைகள் முறியும், பிறகு முன்னையைவிட மோசமாக அமிழும். உம்முடையதை அடி மூடி வழியாகத்தான் அணுகலாம்.

அப்படிக் கழற்றினாலும் முதலில் தெரிவது மதர்போட்டும் பற்றரியும்தான். தகடு அவற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஆனால் மதர்போட் இப்போது சின்னதாகிவிட்டதால், அதற்கும் பற்றரிக்கும் நடுவில் பல மெஷின்களில் தகட்டின் முதுகு வெறுமையாகத் தெரியும். அந்த வெறும் இடத்தில்தான் தாங்கல் கொடுக்கலாம். மதர்போட்டின் மேல் வேண்டாம், செப்புக் குழாய், விசிறி, மெமரி எதன் மேலும் வேண்டாம். விசிறி காற்றிழுக்கிற வாயையும் அடைக்கக் கூடாது.

ஏப்ரல் 20, இரவு

ஏப்ரல் 9இல் நடுவில் ஒரு தாங்கல் போதும் என்று எழுதினேன். இந்த வகை மெஷினுக்கு அதோடு இன்னொன்றும் வேண்டும். யோசித்துப் பாரும்: தாங்கலின் மேல் முனை தகட்டில், கீழ் முனை அடி மூடியில். அடி மூடி மேசையைத் தொடுவதில்லை, மூலை ரப்பர் கால்களில்தான் நிற்கிறது. நீர் அமத்தினால் தகடும் மூடியும் சேர்ந்து வளையும். ஆகவே அந்த இடத்துக்கு நேர் கீழே, மூடியின் வெளிப் பக்கத்தில், மற்றக் கால்களின் உயரத்திலேயே ஒரு சின்ன ரப்பர்க் கால் ஒட்ட வேண்டும். அப்போதுதான் பாரம் மேசைக்கு இறங்கும். சைக்கிள் ரியூப்பை வெட்டி அடுக்க நல்ல இடம் இதுதான்.

மடியில் வைத்து அடித்தால் இந்தக் காலால் பயனில்லை. அது தெரிந்தே செய்யும்.

ஏப்ரல் 22

கடையில் கேட்டுவிட்டீராம், அடி மூடியைத் திறந்தால் வொரண்டி போகாது, உள்ளே ஏதாவது உடைந்தால் மட்டும் போகும் என்றார்களாம். கேட்டது நல்லது. எல்லாக் கடையும் அப்படிச் சொல்லாது, மற்றவர்களும் தங்கள் கடையில் கேட்டுவிட்டே திறவுங்கள். முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள்.

திறக்கும்போது: ஒரு தாளில் மெஷினின் வடிவத்தை வரைந்து, கழற்றுகிற ஆணி ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே ரேப்பால் ஒட்டி வையும். நீளமான ஆணியைக் குட்டையான துளையில் போட்டால் அது மேலே குத்தி நிற்கும். மூடியின் கொழுக்கிகளை, பாவித்து முடிந்த பிளாஸ்ரிக் அட்டை ஒன்றால் விடுவியும், கத்தி வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பற்றரியின் இணைப்பைக் கழற்றுவது. வயரை இழுக்காமல் இணைப்பியைப் பிடித்துக் கழற்றும். பிறகு பவர் விசையைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடியும், மிச்ச மின்சாரம் இறங்கட்டும்.

காற்றில் புழுதி பறக்காத நேரம் பாரும். மல்லாவிப் பக்கம் கிரவல் றோட்டில் ஒரு டிப்பர் போனாலே வீடு சிவந்துவிடும்.

ஏப்ரல் 24

நடு ஆணி இளகித்தான் இருந்ததாம். முன்பு தொட்டுப் பார்த்தபோது தடையாகத் தெரிந்தது, திறந்த பிறகுதான் அது பித்தளைக் குழையில் சரியாக ஏறாமல் சாய்ந்து நின்றது தெரிந்ததாம். மூடும்போது ஆணியை முதலில் இடது பக்கம் மெல்லச் சுற்றி, புரி விழுகிற சின்ன ‘டிக்’ தெரிந்த பிறகு வலது பக்கம் இறுக்கும். எல்லா ஆணிக்கும் இது நல்ல பழக்கம்.

அதிலேயே பாதி அமிழ்வு போய்விட்டது என்கிறீர். மிச்சத்துக்குத் தாங்கல் வைக்கவா என்று கேட்கிறீர். இரண்டு நாள் அப்படியே அடித்துப் பாரும். போதும் என்றால் விட்டுவிடும். உள்ளே எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஏப்ரல் 27

போதவில்லையாம். கே விசைக்குக் கீழே இன்னும் மெத்தென்று இருக்கிறதாம். படத்தில் மதர்போட்டின் ஓரத்துக்கும் பற்றரிக்கும் நடுவில் தகடு தெரிகிறது, அந்த இடம் போதும். பற்றரியிலிருந்து ஒரு விரல் தள்ளி வையும். களிமண் உருண்டை 5 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்திருக்கிறது. 2 மில்லிமீற்றர் போம் ஷீட் இரண்டை ஒட்டி, மேலே பைல் கவர்த் தாள்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாரும். அகலம் ஒரு விசையளவு இருந்தால் காணும். மூடியின் பக்கம் மட்டும் ஒட்டும், தகட்டின் பக்கம் ஒட்ட வேண்டாம். நாளைக்குக் கீபோட் மாற்ற வேண்டி வந்தால் சுத்தமாகக் கழற்றலாம்.

ஏப்ரல் 29

செய்துவிட்டார்! தவணைப் பரீட்சைத் தாள் ஒன்றை முழுக்க அடித்துப் பார்த்தாராம், புள்ளி ஒன்றும் விடுபடவில்லையாம். மூடித் திறந்தால் திரையில் அடையாளம் விழவில்லை, அடிமட்டம் ஆடவில்லை, விசிறிச் சத்தம் கூடவில்லை. இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லித்தான் கேட்டிருந்தேன். கேட்டதிலிருந்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாரி தொடங்கியதும் ஒருமுறை அடிமட்டம் வைத்துப் பாரும். போம் நசிந்து குறைந்திருந்தால் ஒரு தாள் கூட்டினால் போதும்.

மே 2

முறிகண்டியிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் கேட்டவர்களுக்கு: நீங்களே திறக்கப் பயமென்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள், ஞாயிறு பூட்டு. எந்த விசைகள் கூட அமிழ்கின்றன என்று வீட்டிலேயே பேப்பர்த் துண்டு ஒட்டிக்கொண்டு வாருங்கள். என் விரலுக்குத் தெரிகிற இடமும் உங்கள் விரலுக்குத் தெரிகிற இடமும் ஒன்றல்ல. வொரண்டி உள்ள மெஷின் என்றால் வாங்கின கடையில் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள். சார்ஜரையும் மறக்க வேண்டாம். வேலை முடிந்ததும் நீங்களே இருந்து ஒரு பக்கம் அடித்துப் பார்த்த பிறகுதான் மூடியின் கடைசி ஆணியைப் போடுவேன்.